புகைச்சல்

நாலு பேர் போதாது என்று
வாசலிலேயே தெரிந்துவிட்டது.
யெர்கோ பெல்ட்டை ஒரு துளை இறுக்கினான்.
ஒர்ஃபெலினா மேசையின் ரொட்டித் துகளைத் துடைத்தாள்,
துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துடைத்தாள்.

முந்தாநாளே அணைத்துவிடச் சொல்லியிருந்தோம்.
விடியும்வரை எரித்திருக்கிறாள்.
தொட்ட வேகத்தில் கையை உதறினேன்.
“மைனஸ் ஒன்பது” என்றாள்,
மன்னிப்புக் கேட்கும் குரலில் இல்லை அது.

கொய்ஹைக்கேயில் ஜூலை இப்படித்தான்.
மலைகள் வளைத்த கிண்ணம் ஊர்;
குளிர் கூடக்கூட மேல்காற்றே மூடியாகிவிடும்.
உள்ளே நாங்கள்,
எங்கள் எல்லோருடைய ஈர விறகும்.

புகைக்குழாயைக் கழற்றியதும்
என் சட்டைக்குள் கொட்டியது கரி,
கட்டி கட்டியாய்த் தார்,
எப்போதோ விழுந்த சிட்டு ஒன்றின் ஒற்றைக் கால்.
சுவரில், நாள்காட்டியை எடுத்த இடம் மட்டும் வெளிர்நீலம்,
மற்றதெல்லாம் ஆறிய தேநீர்.
வீட்டின் நிறம் நீலமா என்றேன்.
“எப்போது?” என்றாள்.

ஜன்னல் விளிம்பில் இன்ஹேலர்,
மூடியில் பேனாவால் எழுதிய பெயர்: அன்செல்மோ.
அவன் பள்ளிக்குப் போயிருந்தான்.
பழையது போவதைப் பார்த்தால் அழுவானாம்.
பூனையை அதன் அடியில்தான் கண்டெடுத்தானாம்.

கதவைக் கழற்றி, கம்பளத்தின்மேல் இழுத்து,
உன் பக்கம், உன் பக்கம், மெல்ல, விரல்!
நூற்று நாற்பது கிலோ வார்ப்பிரும்பு
பனிக்குள் இறங்கி நின்று
சீறியது.

அப்போதுதான் பார்த்தோம் நிபால்தோவை.
வேலிக்கு அப்பால், ஒற்றைச் சக்கர வண்டியோடு,
எப்போதிலிருந்து நிற்கிறாரோ.
எண்ணெய்ப் பீப்பாயை அறுத்துச் செய்த அடுப்பு அவருடையது;
கதவுக்கு ஒரு தகரம், கம்பியால் கட்டியது.
“உங்களுக்கு வேண்டாததுதானே” என்றார்.

பட்டியல் அறுபத்தொன்றோடு முடிகிறது.
அவர் அறுபத்து நான்கு.
விதி இரண்டு வரிதான்:
பழையதை உடைக்க வேண்டும்,
உடைத்ததைப் படமெடுக்க வேண்டும்.
ஏனென்று எனக்குத் தெரியும்,
கூட்டத்தில் நானே எழுந்து விளக்கியிருக்கிறேன்:
இந்த வீட்டுப் புகையை அந்த வீட்டுக்கு
மாற்றிவிடவா இத்தனை பாடு?
கைதட்டினார்கள்.

வார்ப்பிரும்பு நெளியாது.
முதல் சம்மட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.
இரண்டாவதில் நெற்றியிலிருந்து கால்வரை பிளந்தது,
தெரு நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடின.
யெர்கோ எடுத்த படத்தில்
ஓரத்தில் வண்டிச் சக்கரமும் விழுந்திருந்தது.
இன்னொன்று எடுத்தான்.

“அந்தக் கைப்பிடியையாவது…”
சுருள்கம்பிக் கைப்பிடி, சூடு ஏறாதது.
கைப்பிடி பற்றி விதியில் ஒன்றுமில்லை.
திருகிக் கொடுத்தேன்.
வண்டியில்தான் வைத்தார் அதை,
அவ்வளவு பெரிய வண்டியில்.
உருண்டு உருண்டு சத்தம் போட்டபடி போனது.

சாயங்காலம் புதியதைப் பற்றவைத்தோம்.
கண்ணாடிக் கதவு; நெருப்பு முகம் காட்டி எரிந்தது.
அன்செல்மோ புத்தகப்பையைக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தான்,
பூனை சற்றுத் தள்ளி, நம்பிக்கையில்லாமல்.
ஒர்ஃபெலினா இரண்டு முறை வெளியே போய்க்
கூரையை அண்ணாந்து பார்த்தாள்.
“எரிகிறதா அது? புகையைக் காணோமே.”

எதிர் வீட்டில் இருந்தது புகை.
காற்றில்லாததால் எழ மனமின்றித்
தெருவைத் தவழ்ந்து கடந்து
வேலி ஏறி வந்து
அவள் ஜன்னலில் மூக்கை வைத்தது.

ஜன்னலைச் சாத்தினாள். சற்று நின்றாள்.
அடுப்போடு நாங்கள் தந்த காய்ந்த விறகில்
ஒரு கைச்சுமை எடுத்துக்கொண்டு போனாள்.
லாரியில் உட்கார்ந்து பார்த்தோம்.
அந்தக் கதவு திறக்க நேரமானது.

மறுவாரம்,
அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தோடு நான் போனேன்.
முகத்தில் புகைச்சல் இருக்குமென்று நினைத்தேன்,
அறையில் இருந்தது.
அவள் தந்த விறகை அவர் எரிக்கவில்லை;
சுவரோரம் அடுக்கி, மேலே சாக்குப் போர்த்தியிருந்தார்,
இன்னும் பெரிய குளிருக்காம்.

கையெழுத்துப் போட்டார், எழுத்தெழுத்தாக.
பிறகு எழுந்து பீப்பாயைக் காட்டினார்.
கம்பி இருந்த இடத்தில் அந்தக் கைப்பிடி.
“தொட்டுப் பாருங்கள்” என்றார்.

தொட்டேன்.
சுடவில்லை.